நாளுக்கு ஒரு படம், படத்துக்கு ஒரு வரி

நம் வீட்டு ஆல்பங்களைப் புரட்டினால் கல்யாணம் இருக்கும். காதுகுத்து, கிரகப்பிரவேசம், அறுபதாம் கல்யாணம் எல்லாம் இருக்கும். அந்த வீட்டின் அடுப்படி இருக்காது. பாட்டி எந்த மூலையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்தாள், அப்பாவின் சைக்கிள் எந்தச் சுவரில் சாய்ந்திருந்தது, வாசல் வேம்பு வெட்டுப்படுவதற்கு முன் எதுவரை நிழல் விழுந்தது என்று பேரப்பிள்ளைகள் கேட்டால், படத்தைக் காட்டிப் பதில் சொல்ல முடியாது. ஒரு ஃபிலிம் ரோலில் 36 படம்தான் என்றிருந்த காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது. விசேஷத்துக்கே ஃபிலிம் பற்றாது. இன்று எல்லார் கையிலும் கேமரா இருக்கிறது. ஆனாலும் வீட்டின் சாதாரணக் கிழமை இன்னும் படமாகாமலேயே கழிந்துபோகிறது.

இந்த அத்தியாயம் அந்தச் சாதாரணக் கிழமைக்கானது. தினமும் ஒரு படம், அதன் கீழே ஒரு வரி, இரண்டையும் தொலையாமல் வைக்க ஓர் ஏற்பாடு. பழகிவிட்டால் ஐந்து நிமிட வேலை.

ஒன்றே ஒன்று

ஜேமி லிவிங்ஸ்டன் என்ற அமெரிக்கர் 1979 மார்ச் 31 அன்று தன் போலராய்டு எஸ்எக்ஸ்-70 கேமராவில் ஒரு படம் எடுத்தார். அப்போது அவர் பார்ட் கல்லூரி மாணவர். சில வாரங்கள் போனபின் பார்த்தால், கிட்டத்தட்ட நாளுக்கு ஒன்று என்ற கணக்கில் படங்கள் சேர்ந்திருந்தன. அதையே வழக்கமாக்கிக்கொண்டார். 1997 அக்டோபர் 25, தன் 41-வது பிறந்தநாளன்று புற்றுநோயால் இறக்கும்வரை அதை விடவில்லை. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள். நண்பர்கள், சாப்பாட்டுத் தட்டு, நியூயார்க் தெரு, ஆளில்லாத அறை, கடைசியில் மருத்துவமனைக் கட்டில். தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் பல படங்கள் சுமார்தான், சில மங்கல். தேதிவாரியாக அடுக்கிப் பார்க்கும்போது ஒரு மனிதனின் பதினெட்டு ஆண்டுகள் கண்முன்னே நடக்கின்றன.

அந்தக் கேமராவுக்கான ஃபிலிம் பெட்டி ஒன்றில் அப்போது பத்துப் படம்தான். விலையும் அதிகம். கண்டபடி சுட்டுத் தள்ள வழியில்லை. நமக்கு அந்தக் கட்டாயம் கிடையாது என்பதால் கட்டுப்பாட்டை நாமே போட்டுக்கொள்ள வேண்டும். பகலில் எத்தனை வேண்டுமானாலும் எடுங்கள். இரவு படுக்கும் முன் ஒன்றைத் தேர்ந்து, ‘நாட்குறிப்பு’ என்று தனி ஆல்பம் திறந்து அதில் போடுங்கள். எது அழகு என்று பார்த்துத் தேர்ந்தால் வாரத்தில் நான்கு நாள் அந்தி வானம்தான் வரும். இருபது ஆண்டு கழித்து இந்த நாளைப் பற்றி அதிகம் சொல்லப்போவது எது என்று கேட்டுத் தேர்ந்தெடுங்கள். அந்தி வானம் அன்றைக்கும் இருக்கும். உங்கள் குக்கர் இருக்காது.

ஒரு நாள் விட்டுப்போனால் விட்டுப்போனதுதான். நேற்றைய படத்தைக் கொண்டுவந்து இன்றைய தேதியில் ஒட்டாதீர்கள். அந்த இடத்தைக் காலியாக விட்டு, காரணத்தை மட்டும் எழுதுங்கள். ‘காய்ச்சல், எழுந்திருக்கவில்லை’ என்பதும் அந்த நாளின் பதிவுதான்.

வீட்டுக்குள்

தொடங்குகிறவர்கள் முதல் வாரத்திலேயே சொல்வது, ‘வீட்டில் எடுக்க என்ன இருக்கிறது?’ என்பது. வேலை நடக்கும் இடத்துக்குப் போங்கள். முகத்தைத் தேடாமல் கையைப் பாருங்கள். புளி கரைக்கும் கை, பூத்தொடுக்கும் கை, ஊசியில் நூல் கோக்கும் கை, பிள்ளைக்குச் சடை பின்னும் கை. கேமராவைக் கண்டதும் முகம் விறைத்துக்கொள்ளும். கை தன் வேலையைத் தொடரும். ‘இங்கே பாருங்க, சிரிங்க’ என்று சொல்லிவிட்டால் அந்த நாள் நின்றுபோகும். கல்யாண ஆல்பம் வந்துவிடும்.

அடுத்து, பொருள்கள் இருக்கும் இடம். அஞ்சறைப் பெட்டியைத் திறந்து மேலிருந்து ஒரு படம். துணிக்கொடி. செருப்புகள் கிடக்கும் நடை. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் சீட்டுகள். மளிகைக் கடைப் பட்டியலும் கீழே போட்ட கூட்டுத்தொகையும். மாதத்தில் ஒரு நாள் பட்டியலையே அன்றைய படமாக்கலாம். வெங்காயம் என்ன விலை, எந்தச் சோப்பு, எத்தனை லிட்டர் எண்ணெய் என்று அந்தக் குடும்பம் வாழ்ந்த விதத்தை எந்தக் குழுப்படமும் இவ்வளவு துல்லியமாகச் சொல்லாது.

சுவரில் தினசரி காலண்டர் தொங்குகிறதா? மாதத்தின் முதல் நாளன்று அதன் தாளையும் சட்டத்துக்குள் வரும்படி எடுங்கள். ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, திதி, நட்சத்திரம், ராகு காலம் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். போனில் தேதி தவறாக இருந்தாலும் அந்தத் தாள் காப்பாற்றும்.

இன்னொரு பயிற்சியை நான் வற்புறுத்தியே சொல்வேன். வீட்டில் ஓர் இடத்தைக் குறித்துக்கொண்டு, மாதம் ஒருமுறை அதே இடத்தில் நின்று, அதே உயரத்தில், அதே திசையில் ஒரு படம் எடுங்கள். வாசல்படியிலிருந்து தெரு, மொட்டை மாடியிலிருந்து தென்திசை, நிலைவாசலில் சாய்ந்து நிற்கும் பிள்ளை, எதுவாகவும் இருக்கலாம். அமெரிக்கரான நிக்கோலஸ் நிக்சன், தன் மனைவியையும் அவருடைய மூன்று சகோதரிகளையும் 1975 முதல் ஆண்டுக்கு ஒருமுறை அதே வரிசையில் நிற்கவைத்து எடுத்துவந்தார். வரிசை மாறாததால்தான் முகங்கள் மாறுவது தெரிகிறது. நம் தெருவில் எதிர்வீடு இடிந்து அடுக்குமாடி எழும்புவதும், தென்னை மறைவதும், பிள்ளையின் தலை கதவுத் தாழ்ப்பாளைத் தொடுவதும் இப்படித்தான் பிடிபடும்.

வெளிச்சத்தைப் பற்றி ஒன்று தெரிந்தால் போதும்: ஜன்னலை நம்புங்கள். டியூப்லைட்டையும் ஜன்னல் வெளிச்சத்தையும் கலந்தால் முகத்தின் ஒரு பக்கம் நீலம் பாரிக்கும், மறுபக்கம் மஞ்சள் தட்டும். விளக்கை அணைத்துவிட்டு ஆளை ஜன்னலோரம் வரச் சொல்லுங்கள். உங்கள் முதுகோ தோளோ ஜன்னல் பக்கம் இருக்கட்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் விநாடிக்கு நூறு முறை துடிக்கின்றன. சில விளக்கொளியில் எடுத்த படத்தில் கறுப்புப் பட்டைகள் ஓடுவது அதனால்தான். பட்டை தெரிந்தால் போனில் கோளாறு என்று கவலைப்பட வேண்டாம். எடுக்கும் முன் லென்ஸைப் பருத்தித் துணியால் துடையுங்கள். மங்கலான வீட்டுப் படங்கள் பலவற்றுக்குக் காரணம் சமையலறை எண்ணெய்ப் பிசுக்கு.

வீட்டில் படம் எடுப்பவர் படத்தில் இருக்கமாட்டார். இதை நினைத்து நான் வருந்துவதுண்டு. எத்தனையோ குடும்பங்களில் அம்மாவே போனை வைத்து எல்லாரையும் எடுத்திருப்பார். அவரைத் தேடினால் ஒரு படம் கிடைக்காது. வாரத்தில் ஒரு நாள் போனை வேறொருவர் கையில் கொடுங்கள். குழந்தை எடுத்தால் கோணலாக வரும், பாதித் தலை போகும், பரவாயில்லை. அந்த உயரத்திலிருந்து வீடு எப்படித் தெரிந்தது என்பதும் அதில் பதிவாகும்.

முதியவரும் நோயாளியும் இருக்கும் வீட்டில் கேட்டுவிட்டு எடுங்கள். ‘எடுக்கட்டுமா பாட்டி?’ என்று கேட்டு, அவர் முகம் திருப்பினால் போனைக் கீழே வையுங்கள். முகம் வேண்டாமென்றால் மாத்திரை டப்பா, கண்ணாடி, ஊன்றுகோல், போர்வையின் மேல் இருக்கும் கை போதும். வீட்டு வேலைக்கு வருகிறவர்களுக்கும் இதே மரியாதை உண்டு. சம்பளம் வாங்குவதால் படத்துக்கு நிற்க வேண்டும் என்ற கடமை அவர்களுக்கு இல்லை.

நாயும் பூனையும்

வளர்ப்புப் பிராணியின் ஆயுள் நம்முடையதைவிடக் குறுகியது. அதனால் அதன் படங்களைத் தள்ளிப்போட முடியாது. குட்டியாக வந்த நாள், முதல் கழுத்துப்பட்டை, பல் விழுந்த வாரம் எல்லாம் ஒரே ஆண்டுக்குள் ஓடி முடிந்துவிடும்.

முதல் விதி, தரைக்கு இறங்குவது. நின்றுகொண்டு எடுத்தால் நாயின் முதுகும் நிமிர்ந்த மூக்கும்தான் கிடைக்கும். ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் மசாஹிசா ஃபுகாசே 1970-களின் பிற்பகுதியில் தன் பூனை சசுகேயை ஓயாமல் எடுத்தார். பூனையின் கண்மட்டத்துக்கு வருவதற்காகத் தரையில் குப்புறப் படுத்தே கிடந்தவர் அவர். படுக்க முடியாதவர்கள் போனைத் தலைகீழாகப் பிடியுங்கள். லென்ஸ் தரையை ஒட்டி வந்துவிடும்.

ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். நாய், பூனையின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று உண்டு. இருட்டில் அவற்றுக்குப் பார்வை கூர்மையாக இருப்பது அதனால்தான். ஃபிளாஷ் அடித்தால் கண் பச்சையாகவோ மஞ்சளாகவோ எரிவதற்கும் அதுவே காரணம். பிராணிகள் மிரளவும் செய்யும்.

ரோமத்தின் நிறம் கேமராவை ஏமாற்றும். சட்டம் முழுவதையும் ஒரு நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரவே கேமரா முயலும். வெள்ளை ராஜபாளையம் நாய் அழுக்குச் சாம்பலாகத் தெரிந்தால் திரையைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றுங்கள். கறுப்பு உடலும் பழுப்புக் காலுமாக இருக்கும் கன்னி நாயோ கரிய பூனையோ வெளிறித் தெரிந்தால் இறக்குங்கள். கறுப்புப் பிராணியை வெயிலில் நிறுத்தாமல் திண்ணை நிழலில், வெளிச்சம் வரும் பக்கம் பார்த்து உட்காரவையுங்கள். கண்ணில் ஒரு புள்ளி ஒளி விழுந்தால் முகம் உயிர்பெறும். ஓடும் சிப்பிப்பாறை போன்ற வேகமான நாய்க்கு ஷட்டர் வேகம் 1/500 விநாடிக்குக் குறையக் கூடாது. போனில் அதை அமைக்க வசதி இல்லையென்றால் நல்ல வெயிலில் தொடர்ச்சியாகப் பத்துப் படம் சுட்டு, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அன்றே அழித்துவிடுங்கள்.

குட்டி வளர்வது தெரிய வேண்டுமானால் மாதாமாதம் ஒரே இடத்தில், அளவு தெரிந்த ஏதாவதொன்றின் பக்கத்தில் எடுங்கள். மொசைக் தரைக் கட்டமோ பித்தளைக் குடமோ போதும். தடுப்பூசி அட்டையின் பக்கத்தையும் ஊசி போட்ட அன்றே எடுத்து நாட்குறிப்பில் சேருங்கள். தோலில் சொறி, வீக்கம், ஆறாத புண் ஏதாவது தெரிந்தால் அதே வெளிச்சத்தில் தினமும் ஒரு படம். கால்நடை மருத்துவரிடம் ‘நாலைந்து நாளாக இருக்கு டாக்டர்’ என்று சொல்வதற்கும், தேதியோடு ஐந்து படங்களைக் காட்டுவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. நொண்டும் காலையும் இருமலையும் படத்தில் காட்ட முடியாது. அவற்றுக்கு அரை நிமிட வீடியோ எடுங்கள்.

பயணத்தில்

பயணப் படங்களைப் பற்றி ஏராளமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. நாட்குறிப்புக்கு வேண்டியதை மட்டும் சொல்கிறேன். மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலை உங்களைவிட நன்றாக எடுத்தவர்கள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அன்று காலை நீங்கள் இட்லி சாப்பிட்ட கடையை உங்களைத் தவிர எடுக்க ஆளில்லை. போய்ச் சேர்ந்த இடத்துக்கு ஒரு படம் ஒதுக்கினால், போன வழிக்கு இரண்டு ஒதுக்குங்கள். கட்டிய மூட்டை, பிளாட்பார பெஞ்சு, பக்கத்து இருக்கைக்காரர் நீட்டிய முறுக்கு.

ரயில் நிலையத்தின் மஞ்சள் பெயர்ப்பலகை தயாராக எழுதி வைத்த தலைப்பு. ஊரின் பெயரோடு கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரம் என்பதும் அதில் இருக்கும். 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த நீலகிரி மலை ரயில், மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம்வரை 46 கிலோமீட்டரில் ஏறத்தாழ 330 மீட்டர் உயரத்திலிருந்து 2,200 மீட்டருக்கு ஏறுகிறது. நிற்கும் நிலையங்களின் பலகைகளை மட்டும் எடுத்து அடுக்கினாலே மலை ஏறிய கதை கிடைத்துவிடும். ஏசி பெட்டியின் கண்ணாடி வழியாக எடுப்பதானால் லென்ஸைக் கண்ணாடியில் ஒட்டி வைத்து, சுற்றிலும் கையால் மறையுங்கள். உள்விளக்கின் பிரதிபலிப்பு விழாது. ஓடும் ரயிலில் படியில் நின்றோ தண்டவாளத்தில் இறங்கியோ எடுக்கும் படத்தை எந்த நாட்குறிப்பும் கேட்கவில்லை.

பஸ் டிக்கெட்டையும் சுங்கச்சாவடி ரசீதையும் அன்றே படமெடுத்துவிடுங்கள். நடத்துநரின் கையடக்கக் கருவி அச்சிடுவது வெப்பத்தால் கறுக்கும் தாளில். பர்ஸுக்குள் கிடந்தால் நாளடைவில் எழுத்து வெளுத்து வெறும் தாளாகிவிடும். ஏறிய ஊர், இறங்கிய ஊர், கட்டணம், தேதி, நேரம் எல்லாம் அதோடு போய்விடும்.

ஏப்ரலிலும் ஆகஸ்ட் பிற்பாதியிலும் தமிழ்நாட்டில் நண்பகல் சூரியன் ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்கும். அந்த நேரத்தில் வெட்டவெளியில் எடுத்த முகத்தில் கண்குழி கறுத்துவிடும். மண்டபம், மரநிழல், பஸ்ஸின் உட்புறம் என்று ஒதுங்கி எடுங்கள். ஏசி காரிலிருந்து கடற்கரையில் இறங்கியதும் லென்ஸில் ஈரம் படியும். துடைக்கத் துடைக்க மீண்டும் படியும். ஐந்து நிமிடம் பொறுத்தால் தானே விலகும்.

தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் செல்போன் கொண்டுபோவதைத் தடைசெய்ய வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. அதை மீற வழி தேடாதீர்கள். தெருவிலிருந்து தெரியும் கோபுரம், பூக்கடை, போனை ஒப்படைக்கும் முன் எடுத்த குடும்பப் படம், திரும்பி வந்தபின் கையில் இருக்கும் பிரசாதம், இவை போதும். உள்ளே கண்டதை வரியில் எழுதலாம்.

அந்த ஒரு வரி

படம் எடுப்பதில் ஆர்வம் காட்டுகிறவர்கள் எழுதுவதில் சோம்புகிறார்கள். என் அனுபவத்தில் நாட்குறிப்பு பாழாவது இங்கேதான். வரி இல்லாத படம் சில ஆண்டுகளில் ஊமையாகிவிடும்.

படத்தில் தெரிவதைத் திரும்ப எழுத வேண்டாம். ‘நாய் தூங்குகிறது’ என்பது பார்த்தாலே தெரியும். தெரியாததை எழுதுங்கள். ‘பட்டாசுச் சத்தத்தில் இரண்டு நாள் கட்டிலுக்கடியில் கிடந்தவன் இன்றுதான் வெளியே வந்து தூங்கினான்.’ சத்தம், வாசனை, விலை, வெயில், சட்டத்துக்கு வெளியே நின்றவர், படம் எடுத்தவர், எடுப்பதற்கு முன்பு நடந்த பேச்சு, இவற்றில் ஏதேனும் ஒன்று வரட்டும். ‘அத்தை வந்த அன்று வைத்த வற்றல் குழம்பு. மணத்தக்காளி அவள் கொண்டுவந்தது’ என்பது நல்ல வரி.

ஆள் இருந்தால் பெயர் வேண்டும். இடமிருந்து வலமாக, பெயரோடு உறவு, முடிந்தால் ஊர். ‘மாமா வீட்டில்’ என்று மட்டும் எழுதினால், படிப்பவர் உங்கள் மகளாக இருக்கும்போது அவளுக்கு வேறு மாமாக்கள் இருப்பார்கள். வளர்ப்புப் பிராணிக்கும் பெயரும் வயதும் எழுதுங்கள். ஒரே பெயரில் அடுத்தடுத்து நாய் வளர்க்கும் வீடுகள் உண்டு.

புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளெக்ஸின் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் இடைத்தரகராகவும், இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, இன்னார் வந்து கண்டுகொண்டார், இன்ன பேச்சு நடந்தது என்று நாள், கிழமையோடு எழுதிவைத்தார். போர்களைப் பற்றி அறிய மட்டுமல்ல, அந்தக் காலத்து ஊர் எப்படி நடந்தது என்று அறியவும் ஆய்வாளர்கள் இன்றும் அதைத்தான் திறக்கிறார்கள். அவர் நடையில் அலங்காரம் தேடவில்லை. பேசுகிற மாதிரி எழுதினார். உங்கள் வரியும் வீட்டில் பேசுகிற மாதிரியே இருக்கட்டும்.

தொலையாமல் வைக்க

போனில் எடுக்கும் ஒரு படம் 3 முதல் 4 எம்பி என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு ஒன்றாக ஓராண்டுக்கு ஒன்றரை ஜிபிக்குள் அடங்கும். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபியில் வேறொன்றும் இல்லாவிட்டால் பத்தாண்டு நாட்குறிப்பு கொள்ளும். எல்லாப் படத்தையும் ஏற்றுவதால்தான் இடம் நிறைகிறது. ஒரே இடத்தை மட்டும் நம்பவும் கூடாது. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றில் ஒன்று வீட்டுக்கு வெளியே என்பது படக்காப்பகம் வைத்திருப்பவர்களின் விதி. போனில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்கில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று என்றால் கணக்குச் சரி. மழைக்காலத்தில் வெள்ளம் புகும் பகுதியில் இருப்பவர்கள் ஹார்ட் டிஸ்கைப் பரண்மேல் வையுங்கள்.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசை வேண்டும்: ‘2025-03-14 மொட்டைமாடி வடகம்’. இப்படி வைத்தால் எந்தக் கணினியிலும் தானாகவே தேதி வரிசையில் நிற்கும். நாளை முதலில் எழுதினால் எல்லா மாதத்து முதல் தேதியும் ஒன்றாகக் கூடிவிடும். வாட்ஸ்அப்பில் வழக்கம்போல் அனுப்பினால் படம் சுருங்கும். எடுத்த தேதியும் இடமும் அதிலிருந்து போய்விடும். ஊரில் இருக்கும் அண்ணனுக்கு அசல் வேண்டுமென்றால் டாக்குமெண்டாக அனுப்புங்கள். மாறாக, அசல் கோப்பில் வீடு இருக்கும் இடம் ஜிபிஎஸ் கணக்கோடு பதிந்திருக்கக்கூடும். வெளியாருக்குக் கொடுக்கும் முன் அதை நீக்குங்கள். பள்ளிச் சீருடை, வண்டி எண், குளிக்கும் குழந்தை ஆகியவை உள்ள படங்கள் வீட்டோடு இருக்கட்டும். ஊரில் இல்லாதபோது எடுத்த படத்தைத் திரும்பி வந்தபின் காட்டினால் போதும்.

ஆண்டு முடிவில் மாதத்துக்கு இரண்டாக 24 படங்களை 4x6 அளவில் பிரிண்ட் போடுங்கள். பின்புறம் வரியை மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பேனா மை பக்கத்துப் படத்தில் ஒட்டும். பசைத் தாள் ஆல்பம் வேண்டாம். ஆண்டுகள் போகப் போகப் பசை மஞ்சளித்துப் படத்தைப் பிடித்துக்கொள்ளும், பிரித்தால் கிழியும். உறை வைத்த ஆல்பமே நல்லது.

கடைசியாக ஒன்று. போனின் பூட்டு உங்கள் விரலுக்கு மட்டும் திறக்கும், இணையச் சேமிப்பின் கடவுச்சொல் உங்களுக்கு மட்டும் தெரியும் என்றால் அந்த நாட்குறிப்பு வீட்டாருடையதாக இல்லை. படங்கள் எங்கே இருக்கின்றன, எப்படித் திறப்பது என்று வீட்டில் இன்னும் ஒருவருக்கு இன்றே சொல்லிவிடுங்கள்.